வீட்டுக் கோழிகளுக்குத் தூய மழைநீர்: 30 பயனுள்ள குறிப்புகள்

கோழித் தீவனம் வாங்கும்போது பூஞ்சை பிடித்திருக்கிறதா, புழு வைத்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்குகிறோம். தண்ணீரை மட்டும் கைக்குக் கிடைத்த சட்டியில் ஊற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் கோழி தான் தின்னும் தீவனத்தின் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது. வெயில் காலத்தில் அதற்கும் மேலே போகும். முட்டையை உடைத்து ஊற்றினால் அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். குடிக்கும் நீர் கெட்டால் கோழியும் கெடும், முட்டையும் குறையும்.

ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருக்கும் நீர் கோழிக்கு ஏற்றது. அதைத் தாண்டும்போது எச்சம் நீர்த்துப்போகத் தொடங்கும். 3,000 மில்லிகிராமைத் தாண்டினால் வளர்ச்சியும் பாதிக்கும். மழைநீரில் இந்த உப்புத் தொல்லை கிடையாது. 2003-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பல வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒன்றைக் கோழிக்கென்று ஒரு தொட்டிக்குத் திருப்பினால் போதும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கோழிகளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீர் போதும். கடும் கோடையில் 5 லிட்டர். 100 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டர் இறங்கும். ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் 60 மில்லிமீட்டர் கொட்டினால் 500 லிட்டர் தொட்டி நிறைந்துவிடும். அது பத்துக் கோழிகளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வரும். தேவை இவ்வளவு குறைவாக இருப்பதால், கூரையிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டையும் பிடித்தாக வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அழுக்கு நீரைத் தாராளமாகத் தள்ளிவிட்டு, நல்ல நீரை மட்டும் எடுத்து வைக்கலாம். கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அதற்கான வழிகள்தான்.

கூரையும் மாடியும்

1. கலர் ஷீட், துத்தநாகம் பூசிய தகரம், சுட்ட ஓடு, சுத்தமாக வைத்திருக்கும் சிமென்ட் மொட்டைமாடி ஆகியவற்றில் விழும் நீரைப் பிடிக்கலாம். தகரக் கூரை வெயிலில் நன்றாகக் காய்வதால் அதில் கிருமிகள் அதிகம் தங்காது. தென்னங்கீற்று, பனையோலைக் கூரைகளில் வடியும் நீர் பழுப்பாக, மக்கிய ஓலைச் சாறோடு வரும். அதைத் தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

2. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை இருந்தால், நீர் பிடிக்க வேறு கூரை உண்டா என்று முதலில் பாருங்கள். அந்த ஷீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று உலர்ந்த நிலையில் கம்பித் துடைப்பத்தால் தேய்க்கவோ துளை போடவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் தூசி நம் நுரையீரலுக்குப் பெரும் கேடு.

3. மழைநீர் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது. காற்றில் உள்ள கரியமில வாயு அதில் கரைவதே காரணம். ஆகவே பழைய பெயின்ட், துரு, ஈயப் பற்றவைப்பு ஆகியவற்றை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவரும். உரிந்துவரும் பழைய பெயின்ட் உள்ள கூரையும் தார் பூசிய கூரையும் வேண்டாம். வெப்பம் தணிக்கவோ நீர்க்கசிவைத் தடுக்கவோ மாடியில் புதிதாகப் பூச்சு அடித்திருந்தால், குடிநீர் பிடிக்க அது ஏற்றதா என்று டப்பாவில் பாருங்கள். ஏற்றது என்றிருந்தாலும் முதல் சில மழைகளின் நீரை வெளியே விடுங்கள்.

4. கூரைமேல் சாய்ந்த முருங்கை, வேப்பங்கிளைகளையும் தென்னை மட்டைகளையும் மழைக்கு முன்பே கழித்துவிடுங்கள். இலைச் சருகு மட்டும் பிரச்சினை இல்லை. காக்கை, புறா, அணில், எலி எல்லாம் கூரைக்கு வரும் வழியே அந்தக் கிளைதான். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அவற்றின் எச்சத்திலும் புழுக்கையிலும் இருக்கும். அவை நம் கோழியின் வயிற்றுக்குள் போக மழைநீர்க் குழாய் வழி அமைத்துத் தரக் கூடாது.

5. காக்கைக்குச் சோறு வைப்பது நம் வழக்கம். அதை விட வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றுங்கள். நீர் பிடிக்கும் மாடிப் பக்கத்தில் வைக்காமல், மதில்மேலோ கொல்லையில் ஒரு கல்மேலோ வையுங்கள். வற்றல், கருவாடு காயவைப்பதையும் மழைக்காலத்தில் மாடியின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

6. தீபாவளி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் நடுவில்தான் வரும். மாடியில் வெடித்த பட்டாசின் காகிதமும் மருந்துத் தூளும் அடுத்த மழையில் அப்படியே குழாய்க்குள் இறங்கும். அந்தத் தூளில் பேரியம் போன்ற உலோக உப்புகள் இருக்கலாம். காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் அவை போகாது. பட்டாசுக் குப்பையை மறுநாளே கூட்டி அள்ளிவிட்டு, அடுத்து வரும் ஒரு நல்ல மழையை முழுவதும் வெளியே விட்டுவிடுங்கள்.

7. புரட்டாசி முடிவதற்குள் மாடியையும், கூரை விளிம்பில் நீரை ஏந்தும் தகரக் கால்வாயையும் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். காய்ந்த பறவை எச்சத்தை அப்படியே கூட்டினால் தூசி மூக்கில் ஏறும். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் அணிந்து, அதன்பின் தேய்த்துக் கழுவுங்கள். சோப்புத்தூள் போட்டால் நுரை நிற்கும்வரை அலசிவிடுங்கள்.

முதல் மழையைத் தள்ளும் முறை

8. பல மாத வெயிலுக்குப் பின் வரும் முதல் இரண்டு மழைகளின் நீரை ஒரு சொட்டுகூடப் பிடிக்காதீர்கள். சாலைத் தூசி, வண்டிப் புகைக் கரி, பக்கத்து வயலில் தெளித்த மருந்தின் படிவு எல்லாம் அதில்தான் வரும். தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி, வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள்.

9. அதன்பின் வரும் ஒவ்வொரு மழையிலும் 100 சதுர அடிக்கு 20 லிட்டர் என்ற கணக்கில் முதல் நீரைத் தள்ளுங்கள். கூரைமேல் விழும் முதல் 2 மில்லிமீட்டர் மழைக்கு அது சமம். கூரையைக் கழுவிக்கொண்டு வருவது இந்த நீர்தான்.

10. இதற்காக மழையில் நனைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. தொட்டிக்குப் போகும் வழியில் ஒரு டீ இணைப்பு போட்டு, அதிலிருந்து 4 அங்குல பி.வி.சி. குழாயைச் செங்குத்தாகக் கீழே இறக்கி, அடியில் திருகு மூடி போடுங்கள். 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும்; 8 அடி நீளக் குழாய் 20 லிட்டர் பிடித்துவிடும். முதல் அழுக்கு நீர் அதில் நிறைந்து நின்றபின், மேலே வரும் தெளிந்த நீர் தொட்டிக்குப் போகும். அடி மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டுவையுங்கள். மழை விட்டதும் அழுக்கு நீர் தானே சொட்டி வடிந்து, குழாய் அடுத்த மழைக்குத் தயாராகிவிடும்.

11. அந்தத் துளையில் மண் அடைத்துக்கொண்டால் பழைய அழுக்கு நீர் உள்ளேயே நிற்கும்; அடுத்த மழையில் அது தொட்டிக்குள் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அடி மூடியைத் திறந்து, சேறு எடுத்து, அலசி மூடுங்கள்.

12. குழாயின் மேல்வாயில் இலை தடுக்கக் கண் அகலமான ஒரு வலை, தொட்டியின் வாயில் கொசுவலை என இரண்டு தடுப்புகள் வையுங்கள். வலையில் சேர்ந்த சருகை அப்படியே விட்டால், அடுத்த மழைநீர் அந்த மக்கிய சாற்றின் வழியாகத்தான் இறங்கும். மழை வெறித்ததும் வலையைத் தட்டிக் கழுவுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தொட்டி

13. பழைய டிரம் வாங்கும்போது விலையைவிட அதில் முன்பு என்ன இருந்தது என்பதே முக்கியம். உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பூச்சிமருந்து, ஆசிட், பெயின்ட், எஞ்சின் ஆயில் இருந்த கேன்களை எத்தனை முறை கழுவினாலும் கோழிக்குடிநீருக்கு எடுக்கக் கூடாது; பிளாஸ்டிக் அந்த மருந்தை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல மெல்ல வெளியே விடும்.

14. பாசி வளர வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் புகாத கறுப்புத் தொட்டி இருந்தால் பாசித் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. வெளிர்நிற டிரம் என்றால் வெளிப்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள், அல்லது கோணிச் சாக்கு சுற்றிக் கட்டுங்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள் கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். நீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அந்த நீரைக் கோழிக்கு வைக்காதீர்கள்.

15. கறுப்புத் தொட்டி வெயிலில் சூடேறும். அதனால் கிழக்கிலோ வடக்கிலோ நிழல் விழும் இடத்தில், இரண்டடி உயர மேடை கட்டி வையுங்கள். மேடை இருந்தால் வாளி பிடிக்கவும் வசதி, எலி வளை தோண்டுவதையும் கண்டுபிடிக்கலாம்.

16. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடிவருவது இப்படித் தேங்கிய நல்ல நீரைத்தான். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். தொட்டியின் மூடி, நீர் உள்ளே வரும் வாய், நிறைந்து வழியும் குழாய் ஆகிய மூன்றுக்கும் கொசுவலை கட்டுங்கள். வழியும் குழாயைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டியைக் காலி செய்தால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை, நீரில்லாமலே பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த முறை நீர் நிறைந்ததும் பொரிக்கும்.

17. நீர் எடுக்கும் குழாயை அடித்தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். அதற்குக் கீழே வண்டல் படியட்டும். வண்டலை வெளியேற்ற அடியில் தனியாக ஒரு வால்வு வேண்டும். மேலிருந்து விழும் மழைநீர் வண்டலைக் கலக்காமல் இருக்க, உள்ளே வரும் குழாயை அடிவரை இறக்கி, நுனியில் இரண்டு எல்போ போட்டு வாயை மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள்.

18. புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியின் நீர் சுண்ணாம்புக் காரத்தோடு இருக்கும். ஒரு வாரம் நீர் நிரப்பி வைத்துக் கொட்டுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, நீரில் சுண்ணாம்பு வாடையும் வழுவழுப்பும் போனபின் பயன்படுத்துங்கள்.

19. பல்லி, அணில், எலி, தவளை ஏதாவது தொட்டிக்குள் செத்துக் கிடந்தால், அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு நீரை வைத்துக்கொள்ள வேண்டாம். முழுவதும் கொட்டுங்கள். எலி சிறுநீரால் நமக்கும் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, 10 லிட்டர் வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி ப்ளீச்சிங் பவுடர் கலந்து, உள்சுவர் முழுவதும் தூரிகையால் பூசுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு முறை அலசி, காயவிடுங்கள். பிறகு அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

நீரைச் சுத்திகரித்தல்

20. அடியில் கூழாங்கல், அதன்மேல் சல்லி, மேலே கழுவிய ஆற்றுமணல், இடையில் ஒரு அடுக்கு மரக்கரி என்று வாளியில் வைக்கும் வடிகட்டி தூசி, சருகுத்துகள், நிறம், வாடை ஆகியவற்றைக் குறைக்கும். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. மணலைக் கழுவாமல் மாதக்கணக்கில் விட்டால் கிருமி வளர்வதே அதில்தான். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மேல்மணலைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்; கரியைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

21. கிருமியைக் கொல்ல எளிய வழி ப்ளீச்சிங் பவுடர். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி போதும். அதை ஒரு பிளாஸ்டிக் வாளி நீரில் கரைத்து, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து நீரை எடுங்கள். நீர் கலங்கலாக இருந்தால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். ஆகவே தெளியவைத்த பிறகுதான் போட வேண்டும். சில நாளில் குளோரினின் வீரியம் போய்விடும் என்பதால், வாரம் ஒருமுறை மீண்டும் போடுங்கள்.

22. தொட்டி முழுவதுக்கும் போட விருப்பமில்லை, அன்றன்றைக்கு எடுக்கும் வாளிக்கு மட்டும் போதும் என்றால் இப்படிச் செய்யலாம். 1 லிட்டர் நீரில் 4 கிராம் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலில் 1 மில்லி எடுத்தால் 1 லிட்டர் குடிநீருக்குச் சரியாக இருக்கும். 10 லிட்டர் வாளிக்கு 10 மில்லி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் அளக்க நல்லது. அரை மணி நேரத்துக்குப் பின் கோழிக்கு வையுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். பவுடரை ஈரமும் வெளிச்சமும் படாமல் மூடிவையுங்கள். கழிவறை ஆசிட் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை அடித்தால் கோழி நீரைத் தொடாது. இன்னும் கொஞ்சம் மழைநீர் சேர்த்து ஆற்றுங்கள்.

23. வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து தரும்போது குளோரின் எதிரி. உயிருள்ள வைரஸைக் கொண்ட அந்த மருந்தைக் குளோரின் கொன்றுவிடும். தடுப்பு மருந்து தந்தும் பயன் இராது. இரண்டு நாளுக்கு முன்பே குளோரின் போடுவதை நிறுத்துங்கள். காய்ச்சி ஆறவைத்த, குளோரின் கலக்காத மழைநீரில் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் சேர்த்து, அதில் மருந்தைக் கலக்குங்கள். தட்டுகளையும் அன்று வெறும் நீரால் மட்டும் கழுவுங்கள்.

24. பொரித்த முதல் இரண்டு வாரக் குஞ்சுகளுக்குக் காய்ச்சி ஆறிய நீரே நல்லது. நன்றாகக் கொதித்துக் குமிழியிட்டபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். விறகு, கேஸ் மிச்சப்படுத்த வேண்டுமென்றால், நிறமில்லாத 1 அல்லது 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கப் போடுங்கள். சூரியனின் புற ஊதாக் கதிர் கிருமிகளைக் கொன்றுவிடும். பாதி வானம் மேகமாக இருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். அடைமழை நாளில் இந்த முறையை நம்பாமல் காய்ச்சிவிடுங்கள்.

25. சேர்க்கக் கூடாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வினிகர், புளி, மோர் கலந்த நீரைத் துத்தநாகம் பூசிய வாளியில் வைத்தால் உலோகம் கரைந்து நஞ்சாகும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீருக்கு அழகாக நிறம் தரும், ஆனால் குளோரின் அளவுக்கு நம்பகமான கிருமிக்கொல்லி ஆகாது. அளவு கூடினால் கோழியின் குடலைப் புண்ணாக்கும். நீரில் மஞ்சள்தூள் கலப்பதால் கெட்ட நீர் நல்ல நீராகாது. வெல்லமோ குளுக்கோஸோ கலந்து கொடுத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிக் கழுவிவிடுங்கள். இனிப்பில் கிருமி வேகமாகப் பெருகும்.

தட்டிலும் முற்றத்திலும்

26. தொட்டி நீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், தட்டு அழுக்கென்றால் எல்லாம் வீண். கோழி அலகில் ஒட்டிய தீவனத்தோடுதான் நீரைக் குடிக்கும். அந்தத் தீவனம் ஊறி, தட்டின் ஓரத்தில் வழுவழுப்பான படலமாகும். அதற்குள் இருக்கும் கிருமியைக் குளோரின்கூட எளிதில் தொடாது. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். இரண்டு ஜோடித் தட்டு வைத்துக்கொண்டு, ஒன்று கோழிக்கு இருக்கும்போது மற்றொன்றைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவையுங்கள். தினமும் மாற்றுங்கள். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கும்படி செங்கல்மேல் வைத்தால் எச்சமும் மண்ணும் விழாது. குஞ்சுகளின் தட்டில் கழுவிய கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள், விழுந்து மூழ்காது.

27. தட்டைச் சுற்றித் தரை ஈரமாக இருக்கக் கூடாது. இரத்தக்கழிச்சல் நோயின் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். நாம் குடிநீருக்குப் போடும் குளோரின் அளவு அவற்றைக் கொல்லாது. உலர்ந்த தரைதான் மருந்து. நனைந்த உமியையும் தேங்காய்நார்த் தூளையும் அன்றே அள்ளிவிட்டு, புதிதாகப் போடுங்கள். வாத்து வளர்த்தால் அதற்குத் தட்டும் இடமும் தனியாக வையுங்கள். வாத்து நீரைச் சேறாக்கிவிடும். பறவைக்காய்ச்சல் வைரஸை நோய் தெரியாமலே சுமக்கவும் கூடும்.

28. மழை பெய்த மறுநாள் கோழிகள் நம் தட்டை விட்டுவிட்டு முற்றத்துக் குட்டையில்தான் குடிக்கும். எருக்குழி ஓரம், சாக்கடை ஓரம், பழைய டயர், உடைந்த சட்டி எனத் தேங்கும் இடங்களை மண் போட்டு மேடாக்குங்கள் அல்லது கவிழ்த்துவிடுங்கள். செத்த எலி, அழுகிய இறைச்சி கிடக்கும் நீரும் அதில் நெளியும் புழுவும் கோழிக்குக் கழுத்துத் தொங்கும் வாதத்தை உண்டாக்கும். நல்ல நீரை நிழலில், கோழி மேயும் இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் குட்டையை நாடுவது குறையும். கோடையில் மண்சட்டி வையுங்கள். நீர் குளிர்ந்திருக்கும், கோழியும் கூடுதலாகக் குடிக்கும்.

29. மழைநீரில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. முட்டையிடும் கோழிக்கு நீர் வழியாக அது கிடைக்காது என்பதை நினைவில் வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். தேவைப்பட்ட கோழி தானே கொத்திக்கொள்ளும். ஓடு மெலிந்த முட்டை வந்தால் முதலில் அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள்.

30. வாரம் ஒருமுறை கண்ணாடித் தம்ளரில் தொட்டி நீரைப் பிடித்து, வெளிச்சத்தில் நிறம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருந்தும் கோழிகளுக்குக் கழிச்சல் தொடர்ந்தால், நீர் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கலாம். கோழிகள் திடீரென்று நீர் குடிப்பதைக் குறைத்தாலோ, பச்சையாகவோ இரத்தமாகவோ கழிந்தாலோ, அன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தட்டு கழுவியதும் பிள்ளைகள் உட்பட எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழித் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். நீரில் வாடையோ நிறமோ படலமோ சந்தேகம் தந்தால், சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் அந்த நீரை அன்றைக்கே வாழைக்கு ஊற்றிவிடுங்கள். பத்துக் கோழிக்கு வேண்டிய 3 லிட்டர் நல்ல நீரை வீட்டுக் குடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம்; கெட்ட நீரைக் குடித்துச் சுருண்ட கோழியைத் தேற்றி எடுப்பது அவ்வளவு எளிதில்லை.